கதவில் போட்ட பெருக்கல்

குருவியூத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை முதலிலேயே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அந்த ஊரிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது. "போறேன்" என்றுதான் சொல்ல வேண்டும்.

தேனிப் பக்கம் பச்சைப் பிள்ளைகூட அப்படிச் சொல்லாது. தெருமுனைக் கடையில் தீப்பெட்டி வாங்கப் போகிறவன்கூட "வந்துர்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவான். வாய்தவறி "போறேன்" என்றால் வீட்டுப் பொம்பளைகள் வாயைக் கழுவச் சொல்லி, வார்த்தையைத் திருத்திச் சொல்லவைத்து, அதன் பிறகுதான் வாசல் இறங்க விடுவார்கள். அதே சனம்தான் வருசநாட்டுக்கு மேலே, மலைக்காட்டு விளிம்பில், எல்லைப் புளியமரத்தடியில் நின்றுகொண்டு, கீழேயிருந்து வருகிற ஒவ்வொரு ஆளிடமும் "போறேன்னு சொல்லிட்டு இறங்கு" என்கிறது.

காரணம் இல்லாமல் இல்லை. இலவமரமும் முந்திரியும் வைத்து, பாட்டன் காலத்திலிருந்து அங்கேயே பிறந்து அங்கேயே புதைகிறவர்கள் அவர்கள். கையில் பட்டா கிடையாது. எதிரே நிற்கிற காட்டு ஆபீஸ்காரர்கள் கையில் கோர்ட் உத்தரவு இருக்கிறது. காட்டு நிலம், புலிக்கு வேண்டும், இறங்கிப் போங்கள் என்கிறார்கள். இவர்கள் இறங்கவில்லை. மறியல், கல்லெறி, தடியடி, கேஸ், வாய்தா என்று வருசங்கள் ஓடிவிட்டன. எந்தப் பக்கம் நியாயம் என்று பேச உட்கார்ந்தால் இந்தக் கதை முடியாது. ஆனால் ஒன்று. மேலே வந்த அதிகாரிகள் எல்லோரும் கிளம்பும்போது வாய்நிறைய "வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்கள். அளக்க வந்தார்கள், நோட்டீஸ் ஒட்ட வந்தார்கள், கூரை பிரிக்க வந்தார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே சட்டிபானையை வெளியே எடுத்து வைக்கிற நிலைமை வந்த பிறகுதான் ஊர் கூடி இப்படி ஒரு சட்டம் போட்டது.

சட்டம் அதிகாரிகளுக்காகப் போட்டது. அடிபட்டது ஜோதிலட்சுமி.

அவள் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு நர்ஸ். வைகை அணையிலிருந்து வருசநாடு வரைக்கும் எந்த ஊரில் போய் இறங்கினாலும் "சிஸ்டர் வந்தாச்சு" என்பார்கள். கிழவர்கள் சிஸ்டர் என்பார்கள், குழந்தைகள் சிஸ்டர் என்பார்கள், ஆஸ்பத்திரி ஜீப் ஓட்டும் கம்பத்துக்காரர் உமர் பாருக் வயதில் மூத்தவர், அவரும் சிஸ்டர்தான். ஊரே அப்படிக் கூப்பிட, கூடப்பிறந்த ஒரே தங்கை மட்டும் மூன்று வருசமாக அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அந்தத் தங்கை ராமுத்தாய் வாழ்க்கைப்பட்டிருந்தது குருவியூத்தில்.

இவர்களுக்குச் சொந்த ஊர் சின்னமனூர். ராமுத்தாயை மலைக்குக் கட்டிக்கொடுத்தபோது தகராறு இவ்வளவு முற்றியிருக்கவில்லை. மாப்பிள்ளை சுருளியாண்டியின் இலவந்தோப்பைப் பார்த்துவிட்டு வந்த அப்பா வாயெல்லாம் பல்லாகத்தான் தேதி குறித்தார். அக்காவும் தங்கையும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். ஜோதி மிதிப்பாள், ராமு பின்னால் உட்கார்ந்து அக்கா இடுப்பைச் சுற்றிக் கைநீட்டி வேண்டுமென்றே மணியடித்துக்கொண்டே வருவாள். ஆள் இல்லாத ரோட்டிலும் அடிப்பாள். "கைய எடுடி" என்று ஜோதி அதட்டுவாள். இப்போது ஸ்கூட்டரில் தனியாகப் போகும்போது சில நேரம் இடுப்புப் பக்கம் அந்தக் கை இல்லாதது அவளுக்குத் தெரியும். நாற்பதை நெருங்குகிற பொம்பளைக்கு இது என்ன ஏக்கம் என்று அவளே தன்னைத் திட்டிக்கொள்வாள். திட்டினால் போகிற ஏக்கமாக அது இல்லை.

தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அந்தப் பக்கம் வேலையைக் கேட்டு வாங்கினாள். ஒரு வருசம் நன்றாகப் போனது. பிறகு ஒரு சொட்டு மருந்து நாள் வந்தது. அது முடிந்து பத்து நாளில் ஆட்கள் வந்து குருவியூத்தில் மூன்று வீட்டைப் பிரித்துப் போட்டார்கள். அதில் ஒன்று ராமுத்தாய் வீடு. அடுத்த தடவை ஜோதி மேலே போனபோது புளியமரத்தைத் தாண்டி விடவில்லை. "நீதான காட்டிக் குடுத்த" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். எதைக் காட்டினோம், யாருக்குக் காட்டினோம் என்று ஜோதிக்குப் புரியவில்லை. கேட்டால் சொல்லவும் ஆளில்லை. வீடு பிரிந்த நேரத்தில் கவர்மெண்டு சம்பளம் வாங்குகிற எவளைப் பார்த்தாலும் எரியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ராமுத்தாய் தூரத்தில் பிரித்த ஓட்டுச் சில்லுக்கு நடுவில் நின்று பார்த்தாள். பக்கத்தில் வரவில்லை.

அதன் பிறகு மாதம் தவறாமல் மரத்தடி வரை போவாள். காய்ச்சல் மாத்திரை கொடுப்பாள், சத்து மாத்திரை கொடுப்பாள். ஊசி என்றால் வேண்டாம் என்பார்கள். கிளம்பும்போது தங்கை நிற்கிற திசையைப் பார்த்து "போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்குவாள்.

இந்த ஆனியில் நிலைமை மாறியது. குருவியூத்துக்குக் கீழே அடுத்த ஊரில் மணல்வாரி என்கிற தட்டம்மை போட்டு, ஒரு பையன் நெஞ்சில் சளி கட்டி, தேனி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துக் கிடந்து பிழைத்தான். மலையில் ஊசி போடாத அத்தனை பிள்ளைகளுக்கும் உடனே போட்டாக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் ராமுத்தாயின் இரண்டாவது குழந்தையும் ஒன்று. ஒன்றரை வயதுப் பெண். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் போட்டதோடு சரி. அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதுகூடப் பெரியம்மாக்காரிக்குத் தெரியாது.

சாரல் பிடித்திருந்த காலையில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஜீப்பில் ஏறினாள். உமர் பாருக் கேரளா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி மலையில் ஓட்டிய பழைய ஆள். பேச்சில் அங்கங்கே மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். வழியெல்லாம் தன் வீட்டுக்காரி மதீனா வைக்கிற மீன்குழம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அவளுக்குக் காதில் ஏறவில்லை. இன்றைக்கு அந்தப் பிள்ளையின் கையைத் தொட்டுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது.

மரத்தடியில் ஊர்ப் பெரிய ஆளான சின்னக்கருப்பு காத்திருந்தார். அம்மைச் செய்தி அங்கேயும் எட்டியிருந்தது. பிழைத்த பையன் அவருக்கு மருமகன் முறை. அதனால் ஊசிக்குச் சம்மதம். ஆனால் யார் பெயரையும் எழுதக் கூடாது, போனை எடுத்துப் போட்டோ பிடிக்கக் கூடாது, வீட்டுப் பக்கம் போகக் கூடாது, விரலில் மை வைக்கக் கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள். பொம்பளைகள் பிள்ளைகளோடு வந்து வரிசையில் நின்றார்கள். வரிசையின் கடைசியில், சற்றுத் தள்ளி, இடுப்பில் குழந்தையோடு ராமுத்தாயும் நின்றாள். ஜோதி அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கத் தலையால் தண்ணீர் குடித்தாள்.

குப்பியை உடைத்து மருந்துப் பொடியில் தண்ணீரைக் கலந்தாயிற்று. முதல் பிள்ளைக்குப் போட்டாள். அது போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குருவியெல்லாம் பறந்தன. நாலைந்து பிள்ளைகள் முடிந்திருக்கும். அப்போதுதான் சின்னக்கருப்பு போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

"இதோட முடிஞ்சதாம்மா? இந்த ஒரு ஊசிதான?"

கேள்வி சின்னதுதான். ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஜோதியைத் திரும்பிப் பார்த்தார்கள். உமர் பாருக் ஐஸ் பெட்டிப் பக்கம் குனிகிற சாக்கில், "ஒண்ணு போதும்னு சொல்லிருங்க சிஸ்டர். சாரமில்ல, பரவாயில்ல, அடுத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்று முணுமுணுத்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஒன்று போதும் என்று சொன்னால் வரிசை நகரும். கடைசியில் நிற்கிற குழந்தை வரைக்கும் நகரும்.

ஜோதி ஊசியைக் கீழே வைத்தாள். இல்லை, ஒரு மாதம் கழித்து இன்னொன்று போட வேண்டும், இரண்டும் போட்டால்தான் முழுப் பாதுகாப்பு என்று சொன்னாள்.

"அப்ப மறுபடி வருவிய."

"வரணும்ண்ணே."

அவ்வளவுதான், வரிசை கலைந்தது. இப்படித்தான் ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும் என்றாள் ஒருத்தி. இன்றைக்கு ஊசிக்கு என்பார்கள், அடுத்த மாதம் கூடவே டேப்பைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் வருவார்கள் என்றாள் இன்னொருத்தி. சின்னக்கருப்புக்கு ஜோதிமேல் தனிக் கோபம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஊர் போட்ட சட்டத்தை மீற அவருக்கும் தைரியம் இல்லை. போட்ட மட்டும் போதும், கிளம்பும்மா, வழக்கமாகச் சொல்கிறதைச் சொல்லிவிட்டுக் கிளம்பு என்றார்.

வரிசையின் கடைசியில் இருந்தவளும் குழந்தையோடு திரும்பி நடக்க ஆரம்பித்தாள்.

ஜோதி வாயைத் திறந்தாள். எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான். இன்றைக்கு வரவில்லை. குப்பியில் இன்னும் அரைவாசிக்கு மேல் மருந்து இருந்தது. உடைத்த குப்பி நாலு மணி நேரம்தான் தாங்கும், பிறகு கொட்ட வேண்டியதுதான். தங்கையின் முதுகு போய்க்கொண்டிருந்தது. தோள்மேல் தலை வைத்திருந்த குழந்தை இவளைப் பார்த்துக்கொண்டே போனது.

"எனக்குச் சொல்ல வாய் வரலண்ணே" என்றாள்.

சொல்லாவிட்டால் எப்படிப் போவது என்று அவர் கேட்டார். போகவில்லை என்று சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டியைத் தூக்கி வேரின்மேல் வைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அடம் பிடிக்க வேண்டும் என்று உட்காரவில்லை. மூன்று வருசமாக உள்ளே அடக்கி வைத்ததெல்லாம் கண்ணில் திரண்டது. முந்தானையால் துடைத்தாள். கண்ணீர் நிற்கவில்லை. சாரலில் நனைந்த முகம்தானே, தெரியாது என்று விட்டுவிட்டாள். எல்லோருக்கும் தெரிந்தது.

யாரும் அவளை எழுப்பவில்லை. உமர் பாருக் ஜீப்பைத் துடைக்கிறேன் என்று ஏற்கெனவே துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தார். ரொம்ப நேரம் கழித்து ஈரமண்ணில் கொலுசுச் சத்தம் கேட்டது. ராமுத்தாய் குழந்தையை எங்கேயோ விட்டுவிட்டுத் தனியாக வந்து எதிரே நின்றாள். மெலிந்துபோயிருந்தாள். மூக்கு நுனியில் ஏறுகிற கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

"ஒண்ணு கேக்கணும்."

மூன்று வருசத்துக்குப் பிறகு காதில் விழுந்த குரல். ஜோதி எழுந்து நின்றாள்.

"அன்னைக்கு எங் கதவுல என்னத்துக்குப் பெருக்கல் போட்ட?"

"எந்தப் பெருக்கலு?"

"சொட்டு மருந்துக்கு வந்தன்னைக்கு. சாக்பீஸ்ல. எல்லார் வீட்டுக்கும் ஏதோ எழுத்து எழுதுன. எங்களுக்கும், தோப்பை ஒட்டி இருந்த மத்த ரெண்டு வீட்டுக்கும் மட்டும் பெருக்கல் போட்ட. அந்த மூணு வீட்டத்தான் வந்து பிரிச்சாக."

ஜோதிக்கு அப்போதுதான் விளங்கியது. இவ்வளவு நாளும் ஊர் தன்மேல் வைத்திருந்த பிராது இதுதானா என்று மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு இலவங்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. தோப்பை ஒட்டிய அந்த மூன்று வீட்டுக்காரர்களும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காய் பறிக்கப் போயிருந்தார்கள். காட்டு எல்லைக்கோடு விழுந்ததும் அதே தோப்பு ஓரத்தில்தான். அதனால் பிரித்ததும் அதே மூன்று வீடு. அளக்கிறவனுக்குச் சாக்பீஸ் குறி எதற்கு? அவன் கையில் நில வரைபடம் இருந்தது. ஆனால் பொழுது விடிந்து தன் வீட்டுக் கூரை போனவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் எப்படித் தோன்றும்? கதவில் தப்புக் குறி இருந்தது, வீடு போய்விட்டது. போட்டது அக்கா.

"ராமு, பிள்ளைக்கு மருந்து ஊத்தியாச்சுன்னா கதவுல 'பி'ன்னு இங்கிலீஷ் எழுத்து எழுதுவோம். அந்த வீட்டுக்கு மறுபடி போக வேண்டியதில்ல. பிள்ளைய பாக்க முடியலன்னாத்தான் பெருக்கல் போடுவோம். திரும்ப வரணும்னு அர்த்தம். நாளைக்கு வேற நர்ஸ் வந்தாக்கூட அதப் பாத்து, இங்கன ஒரு பிள்ள பாக்கி இருக்குன்னு தெரிஞ்சுக்கிருவா."

ராமுத்தாய் ஊர்ப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"நீ வீட்டுல இல்ல. அதான் போட்டேன். போயிட்டு வர்றேன்னு சொல்ல ஆள் இல்லாமத்தான்டி கதவுல போட்டேன். மறுநாளே வந்தேன், வருசநாட்டுலயே மறியல், ரோட்டை அடைச்சிட்டாக."

ராமுத்தாயின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்காவைப் பார்த்தாள், ஐஸ் பெட்டியைப் பார்த்தாள், சின்னக்கருப்பைப் பார்த்தாள். பிறகு வந்த வழியே விறுவிறுவென்று போய்விட்டாள்.

ஜோதி பார்த்துக்கொண்டே நின்றாள். இனிமேல் சொல்ல அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. நம்பினால் நம்பட்டும், நம்பாவிட்டால் அந்தக் குழந்தைக்கு அம்மை வராமல் இருக்கட்டும் என்று கும்பிடத்தான் முடியும். பிறந்ததிலிருந்து ஒருநாள்கூடக் கையில் வாங்காத குழந்தை. அதன் தலைமயிர் ராமுவுக்குச் சின்ன வயதில் இருந்ததுபோலவே சுருட்டையாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தே அதைத் தெரிந்துவைத்திருந்தாள். பெட்டியை எடுத்து வைக்கச் சொல்லி உமர் பாருக்கிடம் கைகாட்டினாள்.

அவர் பெட்டியைத் தூக்குமுன் ராமுத்தாய் திரும்பி வந்தாள். இந்தத் தடவை இடுப்பில் குழந்தை இருந்தது. நேரே வந்து வேரின்மேல் உட்கார்ந்து, குழந்தையை மடியில் இருத்தி, அதன் வலது கைச் சட்டையைத் தோள்வரைக்கும் ஏற்றிவிட்டாள். ஏற்றின இடத்தில் சட்டையில் கறுப்பாக விரல் தடம் பதிந்தது. அவள் கை முழுக்கக் கரியாக இருந்தது.

"பேர் என்னா?" என்று கேட்டாள் ஜோதி. எழுதுவதற்காகக் கேட்கவில்லை.

"மகாலட்சுமி."

மகா, மகா என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். குழந்தை முறைத்தது. ஊசி போட்டதும் ஊர் கேட்க அழுதது. அழுகிறதை வாங்கித் தோளில் போட்டுக்கொள்ளலாமா என்று கை நீண்டது. நீண்ட கையை இழுத்துக்கொள்ளப் போனபோது ராமுத்தாயே பிள்ளையைத் தூக்கி அக்கா தோளில் போட்டாள். மிட்டாய் வாசமும் விறகுப்புகை வாசமும் கலந்த குட்டித் தலை ஜோதியின் கழுத்தில் முட்டியது. அந்தச் சுருட்டை மயிரில் முகத்தை வைத்துக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று அவள் நன்றாக அழுதாள்.

அதற்குப் பிறகு மற்ற பொம்பளைகளும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. மண்ணைத் தூற்றினவள் கடைசிவரைக்கும் மரத்தடிக்கு வரவில்லை. போட்ட பிள்ளைகளுக்கு ஏதும் ஆகிறதா என்று அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஜோதி கிளம்பினாள்.

புளியமரத்தடியில் எல்லோரும் நின்றார்கள். சொல்ல வேண்டிய வார்த்தைக்காக நின்றார்கள். சின்னக்கருப்பு மட்டும் திடீரென்று இலவமரத்து உச்சியில் ஏதோ அதிசயத்தைக் கண்டவர்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜோதி தங்கையைப் பார்த்தாள். என்ன சொல்லட்டும் என்று கண்ணால் கேட்டாள்.

ராமுத்தாய் அக்கா என்று கூப்பிடவில்லை. கரிக்கையால் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். அதன் முகமெல்லாம் கரியாயிற்று.

ஜோதி ஒன்றும் சொல்லாமலே ஜீப்பில் ஏறினாள். உமர் பாருக் வண்டியைத் திருப்ப இடம் போதாமல் ஊர்ப் பக்கம் கொஞ்சம் ஏற்றி வளைத்தார். அப்போதுதான் ராமுத்தாய் இப்போது குடியிருக்கிற தார்ப்பாய் வீடு கண்ணில் பட்டது. கூரை புதுசு, சுவர் புதுசு. கதவு மட்டும் பழைய வீட்டில் இருந்த அதே பலகைக் கதவு. அதில் அடுப்புக்கரியால், கதவின் நாலு மூலைக்கும் எட்டும்படி, பெரிதாக ஒரு பெருக்கல் போட்டிருந்தது. கோடு கோணலாக இருந்தது. அவசரத்தில் போட்டது.

"இது என்ன சிஸ்டர், கதவுல?" என்றார் உமர் பாருக்.

வண்டியை நிறுத்தச் சொன்னாள். கண்ணாடியை இறக்கி, மரத்தடியில் நின்றவளைப் பார்த்து, ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

"போயிட்டு வர்றேன் ராமு."

யாரும் தடுக்கவில்லை. குழந்தை மட்டும் தலையைத் திருப்பி ஜீப்பைப் பார்த்தது. இறங்குகிற வழியெல்லாம் சாரல் கனத்துக்கொண்டே வந்தது. ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் இந்த மழை அந்தக் கரியைக் கழுவிவிடும் என்று ஜோதிக்குத் தெரியும். அழிந்தால் ராமு மறுபடியும் போடுவாளா என்பதுதான் தெரியாது. போடுவாள் என்று நினைத்துக்கொண்டே வந்தாள். வருசநாடு தாண்டி, மயிலாடும்பாறை வந்து இறங்குகிறவரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.